அப்பா வேசம்

என்னக்கா, ஏறுனதுலேருந்து என் மூஞ்சியையே பாக்கீங்க? மீசையா? மீசைதான். கண்மைப் பென்சில் மீசை. நல்லாப் பாத்துக்கிடுங்க, எனக்கு ஒண்ணும் கோவமில்ல. கண்டக்டர் அண்ணாச்சி கேட்டதைத்தான் கேட்டீங்கள்லா? "ஏம்மா, உனக்கு மகளிர் டிக்கெட் கிழிக்கவா, காசு டிக்கெட் கிழிக்கவா?" பஸ்ஸு பூரா சிரிச்சிது. சிரிச்சிட்டுப் போறாவ. நான் அழிக்க மாட்டேன். வீடு வரைக்கும் இது இப்படியேதான் வரும்.

ஜங்ஷன்ல ஒரு பூக்காரம்மா தண்ணி பாட்டிலை நீட்டி, "முகத்தைக் கழுவிக்கோ தாயி, கருப்பா என்னமோ ஒட்டியிருக்கு"ன்னாங்க. ஒட்டல, வரைஞ்சதுன்னு சொன்னேன். அவங்க மேலயும் கீழயும் பாத்துட்டு பாட்டிலை மூடிட்டாங்க.

பைத்தியம்னு நெனைச்சிராதீங்க. பாளையங்கோட்டையில காலேஜ் படிக்கேன், பொம்பளைப் பிள்ளைங்க காலேஜ், கடைசி வருசம். பேரு முப்பிடாதி. எங்க குலசாமி பேரு. முக்கூடல் தாண்டி இறங்கணும், நேரம் கெடக்கு. நீங்க சன்னல் சீட்டை விட்டுக் கொடுத்திருக்கீங்க, உங்களுக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லுவேன்?

எங்க காலேஜ்ல ஒரு வழக்கம் உண்டுக்கா. ஆம்பளை கிடையாதுல்லா, அப்ப நாடகத்துல ஆம்பளை வேசம் யாரு போடுவா? வரிசையில யாரு உசரமோ அவதான். குரல் கொஞ்சம் கட்டையா இருந்திட்டா தீர்ந்துது, ஓட்டு கூடப் போட மாட்டாளுக. முத வருசம் எனக்கு எமன். கிடா மீசை. ரெண்டாம் வருசம் முத நாடகத்துல இன்ஸ்பெக்டர், அடுத்ததுல கந்துவட்டிக்காரன். மூணுலயும் எனக்குக் கைதட்டல்தான், இல்லேங்கல. ஆனா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பூ வச்சு, வளையல் போட்டு மேடையேறணும்னு எனக்கு ஆசை இருக்கக் கூடாதா? சொல்லுங்க. பொண்ணாப் பிறந்து பொண்ணு வேசம் கேக்கது அவ்வளவு பெரிய குத்தமா?

சரி. இந்த வருசம் காலேஜுகளுக்குள்ள நாடகப் போட்டின்னு நோட்டீஸ் வந்துது. லில்லி புஷ்பம் மிஸ்தான் பொறுப்பு. டைரக்‌ஷன் பெனிட்டா. சைக்காலஜி படிக்கா. கண்ணாடியைத் தலைக்கு மேல ஏத்தி விட்டுக்கிட்டு, "எமன், இன்ஸ்பெக்டர் எல்லாம் போதும்டி. இந்தத் தடவை உளவியல் நாடகம். ஒரு பொண்ணு எப்படி உள்ளுக்குள்ள வளர்றா, அதைக் காட்டப் போறோம்"ன்னா. எனக்குக் கேக்கவே குளுகுளுன்னு இருந்துச்சு. உள்ளுக்குள்ள வளர்றதுக்கு மீசை எதுக்கு?

மொத நாளே எங்க எல்லாரையும் தாவரவியல் கிளாஸ்ல வட்டமா உக்கார வச்சா. ஒவ்வொருத்தியும் தன் வாழ்க்கையில எந்த நாளு தான் வளந்தோம்னு தோணுச்சோ அதைச் சொல்லணும். பொய் சொல்லக் கூடாது, மத்தவ சிரிக்கக் கூடாது. அதுலேருந்துதான் கதை எடுக்கப் போறோம்னா. ஒருத்தி தனியா ரயில்ல சென்னைக்குப் போனதைச் சொன்னா. ஒருத்தி அவ அத்தைகிட்ட எதுத்துப் பேசினதைச் சொன்னா, அதையும் பாதியில முழுங்கிட்டா. பெனிட்டா முகத்துல ஈயாடல.

என் முறை வந்துது. நான் சொன்னேன்.

பதினொண்ணாவது படிக்கையில நான் கபடி ஆடுவேன்க்கா. பள்ளிக்கூடம் எங்க ஊர்லேருந்து நல்ல தூரம், சைக்கிள்லதான் போவேன். பிராக்டீஸ் முடிஞ்சு வர இருட்டிரும். எங்கப்பாவுக்கு மர அறுவை மில்லுல வேலை. காலையிலேருந்து மிஷின் சத்தத்துல நிக்கிற மனுசன், அவருக்கு மெதுவாப் பேசவே வராது. 'சோறு போடு'ன்னு கேட்டா பக்கத்து வீட்டுல தட்டை எடுப்பாவ. அப்படிப்பட்டவரு ஒரு நாளு நான் இருட்டி வந்ததும் சைக்கிளைப் பிடுங்கி, ஆட்டுக் கொட்டடித் தூணோட சங்கிலியப் போட்டுப் பூட்டிட்டாரு. "கபடியும் வேண்டாம், கிபடியும் வேண்டாம். பெல்லடிச்சதும் பஸ்ஸப் பிடிச்சு வீட்டுக்கு வா. பொட்டப் பிள்ளைக்கு இருட்டுல என்ன சோலி?" தெருவே கேட்டுச்சு.

நான் என்ன செஞ்சேன்? அழுதேனா? அழல. முத்தத்துல நின்னு, அதே சத்தத்துல சொன்னேன்: "நான் நடந்து போவேன். நடந்து வருவேன். ஆனா ஆடுவேன்." மறுநாளு நடந்தேன். அதுக்கு மறுநாளும் நடந்தேன். காலு கொப்புளிச்சுப் போச்சு. அம்மா அழுதா. அவரு ஒரு வார்த்தை பேசல, நானும் பேசல. ஒரு வாரம் இருக்கும். ஒரு நாளு காலையில எந்திரிச்சுப் பாக்கேன், சைக்கிள் வாசல்ல நிக்கி. ஜெயிச்சிட்டேன். அன்னைக்குத்தான் நான் வளந்தேன்னு சொன்னேன்.

பெனிட்டா எந்திரிச்சு வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. "இதாண்டி நாடகம்! இதாண்டி!" லில்லி புஷ்பம் மிஸ் என் தலையத் தடவிக் கொடுத்தாங்க. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அன்னைக்குச் சாயங்காலமே ரிப்பன் வாங்கியாச்சு. பள்ளிக்கூடப் பிள்ளை வேசம்லா, ரெட்டைச் சடை போட்டாத்தான் நல்லாயிருக்கும்.

மறுநாளு யாரு யாருக்கு என்ன வேசம்னு வாசிக்கா. "மகள், அஃப்ரின். அப்பா, முப்பிடாதி."

கேக்கீங்களாக்கா? என் கதையில எனக்கு என் வேசம் இல்ல. அப்பா வேசம்!

"ஏட்டி, அது நான்ட்டி. என் கதைட்டி அது"ன்னேன்.

"கதை உன்னோடதுதான். யாரு இல்லேன்னா? ஆனா பாக்கவங்களுக்குப் பாவமா இருக்கணும்லா. அஃப்ரின் நின்னாலே பாவமா இருக்கும். நீ நின்னா, நீதான் அப்பாவை அடிச்சிருவன்னு நெனைப்பாங்க."

மிஸ்ஸைப் பாத்தேன். மிஸ் சிரிச்சுக்கிட்டே, "உன்னை விட்டா அப்பாவுக்கு யாரும்மா பொருந்துவா? கடவுள் அப்படி அமைப்புக் கொடுத்திருக்காரு"ங்காங்க. கடவுள் எனக்கு மீசை கொடுத்தாரா? பென்சில்தானே கொடுத்தாரு.

அஃப்ரின் மேல எனக்கு ஒண்ணும் கிடையாதுக்கா. மேலப்பாளையத்துப் பிள்ளை, பூனைக்குட்டி மாதிரி இருப்பா, நல்ல பிள்ளை. "அக்கா, நீங்க வேணும்னா எடுத்துக்கோங்க"ன்னு கூடச் சொல்லுச்சு. பெனிட்டா விடல. போங்கட்டி நீங்களும் உங்க நாடகமும்னுட்டு நான் வந்திருக்கலாம். வரல. ஏன் வரலங்கீங்களா? என் கதைய அவளுக கையில விட்டுட்டு வந்தா என்னத்தையாவது ஆக்கிருவாளுக. கூட நின்னு காவல் காக்கணும்லா.

நெனைச்ச மாதிரியே ஆக்கினாளுக. என் மனசுக்குள்ள மூணு பேராம். கருப்புத் துப்பட்டா போத்துனவ பயம், சிவப்பு கோவம், மஞ்சள் ஆசை. அஃப்ரின் ஒரு வார்த்தை பேசுறதுக்குள்ள மூணு துப்பட்டாவும் அவளைச் சுத்திச் சுத்தி ஓடும். எனக்கு அப்படியெல்லாம் யாரும் ஓடலன்னேன். "உனக்குத் தெரியாது, ஆழ்மனசுல ஓடியிருக்கும்"ங்கா பெனிட்டா. என் மனசு எனக்குத் தெரியாதாம், இவளுக்குத் தெரியுமாம்! அப்பாவுக்கு எத்தனை துப்பட்டான்னு கேட்டேன். அப்பாவுக்கு மனசெல்லாம் இல்ல, அவரு தடை, அவ்வளவுதான்னுட்டா. அதையாவது சரியாச் சொன்னாளேன்னு விட்டுட்டேன்.

நடிக்கிறதுல குறை வைக்கலக்கா. வீட்டுலேருந்து எங்கப்பா சட்டையையும் துண்டையும் யாரையும் கேக்காம எடுத்துட்டு வந்தேன். பையில கைய விட்டா மரத்தூளு. அவரு நிக்கிற மாதிரி நின்னேன், இடது தோளு கொஞ்சம் இறங்கி. அவரு போடுற மாதிரி சத்தம் போட்டேன். ஒத்திகையில அஃப்ரின் நெஜமாவே ரெண்டு அடி பின்னாடி போயிட்டா. பெனிட்டா, "சூப்பர்டி, அப்படியே வில்லன்"ன்னா. வில்லன்னு அவ சொன்னது மட்டும் எனக்குச் சுருக்குன்னுச்சு. எங்கப்பாவை நான் என்னவும் சொல்லுவேன். இவ யாரு சொல்லுறதுக்கு?

சண்டை வந்தது முடிவுலதான். பெனிட்டா எழுதுன முடிவைக் கேளுங்க. மகள் கருப்புத் துப்பட்டாவை உருவி எறிவா. அப்பா சங்கிலியை அவுத்துட்டு, முட்டி போட்டு, "என்னை மன்னிச்சிரு மகளே, நீ வளந்துட்ட, நான்தான் வளரல"ன்னு அழணும். அவ அவரைத் தூக்கிவிட்டுக் கட்டிப் பிடிக்கணும். வயலின்.

"எங்கப்பா மன்னிப்புக் கேக்க மாட்டாரு"ன்னேன்.

"இது உங்கப்பா இல்லடி, ஒரு கேரக்டர். வளர்ச்சின்னா எல்லாரும் மாறணும்."

"மாறுனாலும் அவரு வாயால சொல்ல மாட்டாரு."

"அப்ப நிஜத்துல எப்படித்தான் முடிஞ்சுது?"

"சைக்கிளைத் தந்துட்டாரு. அவ்வளவுதான்."

"எப்படித் தந்தாரு?"

"தந்தாரு. விடுட்டி."

ஏன்னா அதை நான் வட்டத்துல உக்காந்தப்பவே சொல்லல. கதைக்கு அது தேவையில்ல. இப்ப உங்ககிட்ட சொல்லுதேன், நீங்க என்ன நடுவரா? அன்னைக்குக் காலையில நான் சத்தம் கேட்டு முழிச்சேன். ர்ர்ர்ருன்னு ஒரு சத்தம். கதவிடுக்குல பாத்தா, முத்தத்துல எங்கப்பா சைக்கிளை ஸ்டாண்டு போட்டு வச்சிருக்காரு. தோளுத் துண்டால கம்பி கம்பியாத் துடைச்சிருக்காரு, செயினுக்கு எண்ணெய் போட்டிருக்காரு. முன்னாடி புதுசா ஒரு டைனமோ லைட்டு. ஒரு கையால பெடலைச் சுத்துதாரு, இன்னொரு கைய லைட்டுக்கு முன்னாடி விரிச்சுப் பிடிச்சு, உள்ளங்கையில வெளிச்சம் விழுதான்னு பாக்காரு. விழுந்துது. மறுபடியும் சுத்துதாரு. மறுபடியும் பாக்காரு. பொறவு துண்டை உதறிட்டு மில்லுக்குப் போயிட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது.

அந்த மனுசனுக்கு அன்னைக்கும் சைக்கிள்தான் பெருசு பாருங்க. பிள்ளை காலு கொப்புளிச்சுக் கெடக்கா, அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல. லைட்டைச் சோதிக்காரு. ஊரு என்னமும் சொல்லிரும்னு மாட்டியிருப்பாரு, வேற என்ன?

என்னக்கா, சிரிக்கீங்க? சரி விடுங்க.

இன்னைக்குத்தான் போட்டி. மேடையில ஒரு சைக்கிள் வேணும்னு காலேஜ் ஹாஸ்டல் சமையக்கார அண்ணன்கிட்ட இரவல் வாங்கியிருந்தோம். பழைய சைக்கிள், லைட்டெல்லாம் கிடையாது. காலையிலேயே பெனிட்டா எனக்கு மீசை போட்டுவிட்டா. "கடைசி வசனத்தை மட்டும் முழுங்கிராத, எம்மேல சத்தியம் பண்ணு"ன்னா. சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்னேன்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. சத்தம் போட்டேன், சங்கிலி போட்டேன், அஃப்ரின் நடந்தா, துப்பட்டா மூணும் ஓடுச்சு. கடைசிக் காட்சி வந்துது. கருப்புத் துப்பட்டா பறந்து விழுந்துது. நான் சங்கிலியை அவுத்தேன். இப்ப முட்டி போடணும்.

முட்டி மடங்கல. என்ன செய்யச் சொல்லுதீங்க? அவரு சட்டைய மாட்டிக்கிட்டு, அவரு துண்டைப் போட்டுக்கிட்டு, அவரு சொல்லாததை நான் எப்படிச் சொல்ல? சைடுலேருந்து பெனிட்டா, "வசனம்! வசனம்!"ங்கா. அஃப்ரின் கண்ணை உருட்டுதா. சும்மா நிக்க முடியாதுல்லா? தோளுல கிடந்த துண்டை எடுத்தேன். சைக்கிளைத் துடைச்சேன். ஹேண்டில்பாரு, சீட்டு, ஒவ்வொரு கம்பியா. பொறவு ஸ்டாண்டு போட்டு, பெடலைக் கையால சுத்திவிட்டேன். ர்ர்ர்ருன்னு சத்தம். அந்தப் பெரிய ஹால்ல அது ஒண்ணுதான் சத்தம். இல்லாத லைட்டுக்கு முன்னாடி கைய விரிச்சுப் பிடிச்சு உள்ளங்கையைப் பாத்தேன். மறுபடியும் சுத்துனேன். மறுபடியும் பாத்தேன்.

அஃப்ரினுக்கு என்ன தோணுச்சோ தெரியல. மெதுவா வந்து என் பக்கத்துல குத்தவச்சு, அவ கையையும் என் கைக்குப் பக்கத்துல நீட்டுனா. அவ பேச வேண்டிய வசனம் ஒரு பக்கம் உண்டு, ஒண்ணும் பேசல. கண்ணுலேருந்து பொலபொலன்னு ஊத்துது. நான் துண்டை உதறித் தோளுல போட்டுட்டு மேடைய விட்டு நடந்துட்டேன். வயலின் போடுறவ போடவே மறந்துட்டா.

வெளிய வந்து பாத்தா லில்லி புஷ்பம் மிஸ் முந்தானைய வாயில பொத்திக்கிட்டு அழுதாங்க. அவங்க மட்டுமா? யாரு யாரோ வந்து கையப் பிடிச்சாவ. ஒரு வேற காலேஜ் பிள்ளை, "எங்கப்பாவுக்கு இப்பவே போன் போடப் போறேன்"னுச்சு. எதுக்கு அழுதாளுக, எதுக்குப் போனுன்னு எனக்குப் பிடிபடல. சைக்கிள் துடைச்சதுக்கா?

நாடகத்துக்குப் பரிசு கிடையாது. முடிவுல தெளிவு இல்ல, கதாபாத்திரம் மாறலன்னு நடுவரு மைக்குல சொன்னாரு. ஆனா எனக்கு ஒரு கேடயம் கொடுத்தாவ. இந்தப் பையில இருக்கு. என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'ஆண் வேடத்தில் சிறந்த நடிப்பு.' இனிமே எந்த ஜென்மத்துல எனக்கு ரெட்டைச் சடை?

பெனிட்டா என்னைக் கிழி கிழின்னு கிழிச்சிட்டா. "என் டிராமாவைக் கெடுத்துட்டியே முப்பிடாதி!"

"உன் டிராமாவா? அது எங்க வீட்டு முத்தம்ட்டி. நீ வந்து முட்டி போடச் சொன்னா போட்டுருவாரா?"

"நீ ஒரு துளி கூட வளரலடி."

"வளரல. போ."

அப்பதான் கோல்டு கிரீமையும் பஞ்சையும் எம்மேல எறிஞ்சா. "மீசைய அழிச்சிட்டு வா, குரூப் போட்டோ எடுக்கணும்"ன்னா. அழிக்க மாட்டேன்னேன். மூணு வருசமா நீங்கதானே வரைஞ்சீங்க? இருக்கட்டும். போட்டோவுக்கும் நிக்கல. சட்டைய மாத்திட்டு நேரா பஸ் ஏறிட்டேன்.

இப்படியே போயி எங்கப்பா முன்னாடி நிக்கப் போறேன். கேடயத்தை அவரு கையில கொடுத்து, 'இந்தாங்க, உங்களை நடிச்சதுக்குக் கிடைச்சுது'ன்னு சொல்லப் போறேன். பொறவு ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க மீசை உதிர்ந்தா போயிருக்கும்? இன்னைக்காவது வாயத் திறக்கட்டும். திறக்காம விட மாட்டேன்.

வீடு வரைக்கும் கூடப் போக வேண்டாம், ஸ்டாப்லேயே நிப்பாரு. தினமும் என் சைக்கிளை உருட்டிட்டு வந்து நிப்பாருக்கா. நான் ஏறிக்கிடுவேன், அவரு பின்னாலேயே நடந்து வருவாரு. நம்பிக்கை கிடையாது, பிள்ளை எங்கயும் சுத்தப் போயிருவாளோன்னு வேவு. இதுக்காக மில்லுல சீக்கிரம் கிளம்பி வாறாரு, பாருங்க. எனக்கு எப்பவும் உள்ள நிக்கத்தான் இடம் கிடைக்கும், கூட்டத்துல பிதுங்கி இறங்கையில அவரு ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டு வேற எங்கயோ பாத்துட்டு நிப்பாரு. என்ன, ஏதுன்னு ஒரு பேச்சுக் கிடையாது.

வந்துட்டுது, அந்தா ஆலமரம் தெரியுதுல்லா, அதான் எங்க ஸ்டாப்பு. வாறேங்க்கா. மீசை நல்லா இருக்கா? கலையலியே?

அந்தா நிக்காரு பாருங்க. வெள்ளைத் துண்டு. குனிஞ்சு என்ன செய்யுதாரு? இருங்க.

பெடலைச் சுத்துதாரு.

கையப் பாக்காரு.

...பஸ்ஸு வாறது தெரிஞ்சதும் ஸ்டாண்டை எடுத்துட்டு நிமிந்துட்டாரு. இப்ப வேற எங்கயோ பாக்காரு. தினமும் இப்படித்தான் செய்வாரு போல. இத்தனை வருசமா. நான் எங்க பாத்தேன்? சன்னல் சீட்டு கிடைச்சாத்தானே.

ஏக்கா, உங்ககிட்ட கர்ச்சீப் இருக்கா? சீக்கிரம் தாங்க, பஸ்ஸு நின்னுரும்.

மீசைக்கு இல்லக்கா. மீசை இருக்கட்டும்.